ஏச்சு வாங்காதவள்

அபுல் ஹஸன் எம்பி மௌத்தாகி நாற்பதாம் நாள், அவருடைய வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மேடை ஏறிய ஒவ்வொருவரும் அவரிடம் தான் ஏச்சு வாங்கிய கதையைச் சொன்னார்கள். பெண்களுக்கென்று சீலை கட்டி மறைத்திருந்த பக்கத்தில் உட்கார்ந்து நான் வயிறெரியக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்திலேயே அவரிடம் ஏச்சு வாங்காதவள் நான் ஒருத்திதான்.

வெளியூரார் கேட்டால், இதென்ன கூத்து, செத்த மனிசரைப் போய் ஏசினார் ஏசினார் என்கிறார்களே என்று நினைப்பார்கள். அவருடைய வழக்கம் அப்படி. எனக்குப் புத்தி தெரிந்த நாள் முதல் எங்களுக்கு அவர்தான் எம்பி. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் உட்காருவார். பக்கத்தில் கறுப்பு டெலிபோன் இருக்கும். எதிரே நீள வாங்கு முழுக்கச் சனம் உட்கார்ந்திருக்கும். வந்தவருடைய காரியம் நடக்கும் என்றால் எம்பிக்குக் கோபம் வந்துவிடும்.

"ஹயவான்! இத்தின நாளும் வாய்க்குள்ள என்னத்தடா வெச்சிக்கொண்டிருந்த? இப்பதான் வாறாய், தலைக்கு மேல வெள்ளம் வந்த பொறகு!"

ஏசிக்கொண்டே டெலிபோனைச் சுழற்றுவார். கொழும்பிலோ அம்பாறையிலோ எவனாவது பெரிய ஆள் எடுப்பான். அவனுக்கும் இரண்டு ஏச்சு விழும். காரியம் முடியும்.

நடக்காத காரியம் என்றால் அவருடைய குரல் இறங்கிவிடும். "இரி மகன்" என்பார். ஊர்ப் புதினம் கேட்பார். பிறகு உள்ளே திரும்பி, "ஒரு தேத்தண்ணி கொண்டாங்க" என்பார். தேத்தண்ணி வந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். குடித்துவிட்டு எழும்பிப் போக வேண்டியதுதான்.

இது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். அந்த வீட்டிலிருந்து ஒருவர் இறங்கி வந்தால், "என்ன, ஏச்சா தேத்தண்ணியா?" என்றுதான் தெருவில் கேட்பார்கள். மலைநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியாருக்கு மட்டும் இது தெரியாமல், ஏச்சு வாங்கி அழுதுகொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். "சேர், அழாதீங்க, உங்கட இடமாற்றம் சரி" என்று பின்னால் ஓடிப்போய்ச் சொன்னார்களாம். எங்கள் ஸகியா சாச்சி அதற்கு நேர்மாறு. தேத்தண்ணி என்ற சொல் காதில் விழுந்ததும், ஏச்சு வாங்கிவிட வேண்டும் என்று எம்பியின் குரோட்டன் சாடியைக் காலால் தட்டி உடைத்தாள். எம்பி உடைந்த சாடியைப் பார்த்துச் சிரித்தார். தேத்தண்ணி வந்தது, சாச்சி குடித்துவிட்டு வந்தாள்.

மேடையில் மீராசாஹிபு அதிபர் பேசிக்கொண்டிருந்தார். தன்னை எம்பி மூன்று தரம் கழுதை என்று ஏசியதாகவும், பள்ளிக்கூடத்துக்கு மேல்மாடி வந்தது அந்தக் கழுதையால்தான் என்றும் சொன்னார். சனம் சிரித்தது. சிரித்த கையோடு கண்ணையும் துடைத்தது. அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கதைக்குப் போனார்.

"ஜனாஸா எடுத்த அண்டு மருதமுனையில இருந்து ஒரு ஏழைப் பெண் ஓடி வந்து, அவருடைய வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக் கதறியதை நான் கண்ணால் கண்டேன். அந்தப் பெண்ணுக்கு அவர் என்ன உறவு? ஒன்றுமில்லை. அதுதான் மக்கள் அன்பு!"

பக்கத்தில் இருந்தவள் ஆசையாக என் தோளைத் தடவினாள். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல வந்தது. அந்தப் பெண் நான்தான். நஸீறா. மக்கள் அன்பாவது மண்ணாங்கட்டியாவது! நான் கதறியது என் புருசனுக்காக.

ஜவுபர் என் புருசன். மருதமுனைக் கைத்தறிச் சாறனையும் சீலையையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெற்கே ஆலையடிவேம்பு, திருக்கோவில், வினாயகபுரம் என்று தமிழ் ஊர்களில் விற்றுத் திரிந்தவர். எண்பத்தைந்தில் கலவரம் வந்த பிறகு எங்கள் ஆட்கள் பலர் அந்தப் பக்கம் போவதை விட்டார்கள். இவர் விடவில்லை. "அந்தச் சனம் என்னைய என்ன செய்யப்போகுது? நான் சீலை விக்கிறவன்" என்பார். அந்தச் சனம் ஒன்றும் செய்யவில்லை. ஜீப்பில் வந்த படைக்காரர்கள்தான் செய்தார்கள்.

வினாயகபுரத்தில் மீன் விற்கிற அன்னப்பிள்ளை அக்காவின் கடப்படி வாசலில் நின்று ஒரு நாவல் நிறச் சீலையை அவர் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். இயக்கப் பொடியன்கள் இரண்டு பேர் ஓடியிருக்கிறார்கள். அவர்களைத் துரத்தி வந்த ஜீப், ஓடியவர்கள் கிடைக்காத ஆத்திரத்தில் நின்றவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அக்கா மோட்டார் சைக்கிளையும் சீலைப் பொட்டணியையும் பத்திரமாக அனுப்பிவிட்டு, தானும் பஸ்ஸேறி வந்தாள். "முஸ்லிம் எண்டு சொன்னார் தங்கச்சி. பேரையும் சொன்னார். அவங்களுக்குத் தமிழ் விளங்கல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அப்போது அழவில்லை. எம்பி இருக்கிறார் என்ற தைரியம் எனக்கு.

முகாம் வாசல்களில் நின்று பார்த்தேன். அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவேயில்லை என்றார்கள். சரி, போங்கடா என்று நேரே எம்பி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் அவருடைய ஏச்சைக் கேட்டுக்கொண்டே போனேன். என்னை என்ன சொல்லி ஏசுவார்? கழுதையா, ஹயவானா? எதுவானாலும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வது, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஜவுபருக்குச் சோறு ஆக்குவது. இதுதான் என் எண்ணம்.

எம்பி என்னைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பினார். அவர் யாருக்கும் எழும்பி நான் பார்த்ததில்லை. முகம் வெளிறி, ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நீதானா ஜவுபர்ட பொண்டாட்டி? இரி மகள்."

"இரிக்க வரல்ல சேர். அவர எடுத்துத் தாங்க" என்றேன்.

"வெயிலுக்குள்ள வந்திரிக்காய். கொஞ்சம் இரி."

"சேர், டெலிபோன எடுங்க. இந்தா பக்கத்திலதானே கிடக்கு. அதில கைய வெய்ங்க சேர்."

அவர் டெலிபோனைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஓடிப்போய் அவருக்கும் உள்வாசலுக்கும் நடுவில் நின்றேன்.

"தேத்தண்ணி கேக்காதீங்க! உங்கட காலில விழுறன், தேத்தண்ணி வேணாம். எனக்கு ஏசுங்க சேர். கழுத எண்டு ஏசுங்க, தெருநாய் எண்டு ஏசுங்க. ஏன் லேட்டா வந்தாய் எண்டு கேளுங்க. இவ்வளவு பேருக்கும் ஏசினீங்களே, நான் மட்டும் என்ன பாவம் செஞ்ச?"

எனக்கு வெறி வந்துவிட்டது. "உங்கட சின்னத்துக்குப் புள்ளடி போட்ட இந்தக் கை புழுத்துப் போகட்டும்!" என்று கத்தினேன். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். அந்தப் பேச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் மனிசன் பிடரியில் அடித்துத் துரத்தியிருப்பார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"ஒரு தேத்தண்ணி கொண்டாங்க" என்றார்.

தேத்தண்ணி வந்தது. நான் குடிக்கவில்லை. கோப்பையை அப்படியே வாங்கில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். குடித்தால்தானே தேத்தண்ணி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடிய, எம்பி மாரடைப்பில் மௌத்து என்று பள்ளிவாசல் ஸ்பீக்கரில் சொன்னார்கள். மருதமுனையிலிருந்து ஓடிப்போய்த் தூணைக் கட்டிப்பிடித்தேன். "டெலிபோன் கோல் எடுத்தீங்களா சேர், கோல் எடுத்தீங்களா" என்று மையித்தைப் பார்த்துக் கத்தினேன். அதைத்தான் அதிபர் அன்பு என்கிறார்.

அன்று இரவு என் மனதில் ஒரு யோசனை முளைத்தது. மாரடைப்பு வரப்போகிற மனிசனுக்கு முதல் நாளே உடம்பு தளர்ந்துதானே இருக்கும்? நெஞ்சைத் தடவினாரே! ஏச ஏலாமல்தான் ஏசவில்லை. ஏசுவதற்கு மூச்சு வேண்டாமா? அது தேத்தண்ணிக் காரியமே இல்லை. நான் வந்த பிறகு கட்டாயம் டெலிபோன் எடுத்திருப்பார். எங்கோ ஒரு பெரிய ஆளுக்கு ஜவுபரின் பெயர் போயிருக்கும். இன்றில்லாவிட்டால் நாளை விடுவார்கள். இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் சோறு தின்றேன், தூங்கினேன், முகாம் வாசல்களுக்குத் திரும்பத் திரும்பப் போனேன்.

வீட்டில் உம்மா வேறு கதை கதைத்தா. "ஊர் சிரிக்கிது நஸீறா. அவன் இனி இல்ல. லெவ்வையக் கூட்டி அவன்ட பேரில ஒரு கத்தத்த ஓதிப்போட்டு, நீ இத்தா இரி" என்றா.

இத்தா என்றால் புருசன் மௌத்தான பெண் வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு, நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பது. நான் இத்தா இருந்தால் முகாம் வாசலுக்கு யார் போவது? அவர் உயிரோடு இருக்க, நான் வெள்ளை கட்டிக் கதவைச் சாத்திக்கொண்டால், என் கையாலேயே அவரைக் கபுறுக்குள் வைத்த மாதிரி ஆகாதா?

"மௌத்தெண்டு உங்களுக்கு ஆர் சொன்ன? மையித்தக் கண்டீங்களா?" என்று கத்தினேன். உம்மா பயந்து வாயை மூடினா. மறுநாள் திரும்பவும் தொடங்கினா. கடைசியில் நான்தான் சொன்னேன், எம்பியின் நாற்பது வரைக்கும் பொறுங்கள், அன்றைக்கு அவருடைய மனிசி ஹவ்வா உம்மாவிடம் போய், டெலிபோன் எடுத்தாரா இல்லையா என்று கேட்டு வருகிறேன் என்று. அதை முதல் நாளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கப் பயம் எனக்கு. கேட்காத வரைக்கும் ஜவுபர் இருந்தார்.

மேடையிலிருந்து அதிபர் இறங்கி, பாண்டிருப்பு நல்லரெத்தினம் ஏறினார். வயல் செய்கிறவர், எம்பிக்கு எல்லாத் தேர்தலிலும் வேலை செய்தவர். மைக்கைப் பிடித்ததுமே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

"எல்லாரும் ஏச்சு வாங்கின கதை சொன்னீங்க. அவர்ட கடைசி ஏச்சு ஆருக்குத் தெரியுமா? எனக்குத்தான். மௌத்துக்கு முதல் நாள் பின்னேரம் போனன். எங்கட வாய்க்கால் கதவு உடைஞ்சு கிடக்கு எண்டு சொன்னன். எழும்பி நிண்டு ஏசினார் பாருங்க, எருமை, அறிவு கெட்டவன், பயிர் காயுமட்டும் பார்த்துக்கொண்டு இருந்தியா எண்டு! தெருவில போன ஆக்கள் நிண்டு பார்த்தாங்க. அந்தச் சத்தம் இன்னும் என்ட காதில நிக்கிது. மூணாம் நாள் கதவு போட வந்திட்டாங்க. மனிசன் கபுறுக்குள்ள இருந்து எங்களுக்குத் தண்ணி விட்டார்!"

சனம் கைதட்டியது. ஆண்கள் பக்கத்தில் யாரோ விம்மி அழுதார்கள். நல்லரெத்தினம் பாவம், ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் அந்த நேரம் எழும்பிப்போய் அவருடைய வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. நான் போனது அன்று காலை. அவர் போனது அன்று பின்னேரம். தெருவுக்குக் கேட்க எழும்பி நின்று ஏச மனிசனிடம் மூச்சு இருந்திருக்கிறது.

என் காலில் செருப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. சீலை மறைப்பை நீக்கிக்கொண்டு எழும்பி, எம்பி வீட்டு வளவுக்குள் நுழைந்து, குசினி வாசலால் உள்ளே போனேன். எம்பியின் மகள் சுல்பிகா கத்தத்துக்குச் சோறாக்கிய சட்டிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாயின் அறையைக் காட்டினாள்.

ஹவ்வா உம்மா இத்தாவில் இருந்தார். யன்னலுக்கெல்லாம் சீலை போட்டிருந்தது. வெள்ளை கட்டி, பாயில் சுவரோடு சாய்ந்து, மைதானத்து ஸ்பீக்கரில் தன்னுடைய புருசனின் ஏச்சுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சலாம் சொல்லவும் மறந்து பாயின் ஓரத்தில் விழுந்தேன்.

"மாமி, நான் நஸீறா. ஜவுபர்ட பொண்டாட்டி."

"தெரியும் புள்ள" என்றார். "நீ வருவாய் எண்டு ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இரிந்த."

"நான் போன பொறகு அவர் கோல் எடுத்தாரா மாமி?"

அவர் கையை நீட்டி என் முக்காட்டைச் சரிசெய்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ வர முந்தியே எடுத்துட்டார். ஜவுபரப் புடிச்சிட்டாங்க எண்டு பள்ளிவாசலில ஆரோ சொன்னதாம். சுபஹு தொழுதிட்டு வந்தவுடன எடுத்தார். ஏசினார், அவர்ட ஏச்சுத்தான் தெரியுமே. ஒரு ஆளுக்கு எடுத்து, அவன் இன்னொரு ஆளச் சொல்லி, அவனுக்கும் எடுத்தார். கடைசி ஆளிட்ட பேரச் சொன்னார். பொறகு அவர் கதைக்கல்ல, கேட்டுக்கொண்டுதான் நிண்டார். டெலிபோன வெச்சிட்டு, குசினிக்குள்ள கால் வெக்காத மனிசன் குசினிக்கு வந்தார். ஜவுபர்ட பொண்டாட்டி வரும், தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வெய், சீனி நல்லாப் போடு எண்டார்."

"அவன் என்ன சொன்னானாம்?"

"எங்கிட்டச் சொல்லல்ல, மகள். செய்ய ஏலாத காரியத்துக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பாத எண்டு எப்பவும் சொல்லுவார். அத மட்டும்தான் சொன்னார். அண்டைக்குப் பகல் சோத்தில அவர் கைய வெக்கல்ல."

எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கினாலும் மனசு விடவில்லை. ஒரு நூலிழை கிடைத்தாலும் பிடித்துத் தொங்குவேன் என்று நின்றது. ஹவ்வா உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, நீங்க ஏசுங்க. அவர் இல்லாட்டி என்ன, நீங்க இரிக்கீங்கதானே. ஒருக்கா, ஒரே ஒருக்கா ஏசுங்க மாமி. இத்தா வீட்டுக்குள்ள வந்து இப்படிக் கத்துறியா கழுத எண்டு ஏசுங்க. எழும்பிப் போ எண்டு சொல்லுங்க. நான் போயிருவன். போய் அவரத் தேடுவன்."

ஹவ்வா உம்மா வாழ்நாளில் யாருக்கும் ஏசாத மனிசி. ஆனாலும் எனக்காக முயற்சி செய்தார். அதை நான் பார்த்தேன். முதுகை நிமிர்த்தினார். புருவத்தை நெரித்தார்.

"கழுத..." என்றார். "அறிவு கெட்ட..."

அதற்கு மேல் வரவில்லை. வெளியே ஸ்பீக்கரில், அவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்று யாரோ முழங்கிக்கொண்டிருந்தார்கள். ஹவ்வா உம்மா என் முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். என் தலைக்கு மேலால் குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"சுல்பிகா, ஒரு தேத்தண்ணி கொண்டா மகள். சீனி நல்லாப் போடு."

சுல்பிகா கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் வரும், தட்டிவிடுவேன் என்று நினைத்தேன். கோபம் கூட வரவில்லை. இத்தனை நாளும் கத்திக் கத்தி உயிரோடு வைத்திருந்த என் ஜவுபர், கூவிக் கூவிச் சீலை விற்ற என் மனிசன், அந்த அறையில் வைத்துத்தான் எனக்கு மௌத்தானார்.

மைதானத்தில் துஆ தொடங்கியது. சனம் ஆமீன் சொன்னது. ஹவ்வா உம்மா பாயில் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டார். நான் காலை மடக்கி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கோப்பையை வாங்கி, கடைசி மிடறு வரைக்கும் குடித்தேன்.